மணிமுடியும் சாவிக்கொத்தும்

(பத்தாம் வகுப்பு மாணவி)



"அவளுக்கென்ன, ராணி மாதிரி வாழ்கிறாள்!" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காப்பி கைக்கு வந்து சேர, ஊஞ்சலில் ஆடிக்கொண்டு, ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாமல் இருப்பவளைத்தான் அப்படிச் சொல்லுகிறார்கள். உண்மையான ராணிகள் அப்படித்தான் வாழ்ந்தார்களா? ஐரோப்பாவின் இடைக்கால வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் விடை வேறாக இருக்கிறது.

கி.பி. 500 முதல் 1500 வரையுள்ள ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளை இடைக்காலம் என்கிறோம். அத்தனையையும் ஒரு கட்டுரைக்குள் அடக்க இயலாது. ஆகவே 1200-ஐ ஒட்டியும் அதன் பின் இரு நூற்றாண்டுகளிலும் பிரான்சு, இங்கிலாந்து, ஜெர்மனி, போலந்து ஆகிய நாடுகளில் வாழ்ந்த சிலரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இவர்களுள் பலர் மணக்கோலம் பூண்டபோது அவர்களுக்கு நம் வயதுகூட ஆகவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு!

அந்நாளில் இரண்டு அரசர்கள் சண்டையை நிறுத்த வேண்டுமானால் ஓலையில் முத்திரை இட்டால் மட்டும் போதாது. ஒரு பெண்ணையும் கொடுத்தாக வேண்டும். 1200-ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் ஜானும் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்பும் சமாதானம் செய்துகொண்டார்கள். பிலிப்பின் மகன் லூயிக்கு ஜானின் சகோதரி மகள் ஒருத்தியை மணமுடிப்பது என்பது ஏற்பாடு. பெண் இருந்ததோ ஸ்பெயினில், காஸ்டீல் நாட்டு அரண்மனையில். அவளை அழைத்து வரச் சென்றவர் யார் தெரியுமா? ஜானின் தாயாரான அக்கித்தேன் எலினோர். முதலில் பிரான்சுக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் அரசியாக இருந்தவர். பிள்ளைகளின் கலகத்துக்குத் துணை நின்றதால் கணவராலேயே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காவலில் வைக்கப்பட்டவர். எண்பதை நெருங்கும் வயதில், குளிர்காலத்தில், பிரனீஸ் மலையைக் கடந்து பேத்தியைப் பார்க்கப் போனார். மூத்தவள் உராக்காதான் மணப்பெண் என்று எல்லாரும் எண்ணியிருக்க, பாட்டியார் இளையவளான பிளாஞ்சைத் தெரிந்தெடுத்தார். பிளாஞ்சுக்கு அப்போது வயது பன்னிரண்டு.

அந்தத் திருமணம் பிரெஞ்சு மன்னரின் மண்ணில் நடக்கவில்லை. ஜானின் ஆட்சியில் இருந்த நார்மண்டியில் நடந்தது. காரணம், அவ்வாண்டு பிலிப்பின் நாட்டில் கோயில்கள் மூடிக் கிடந்தன. மூடியவர் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட். மூட வைத்தவர் ஓர் இளம் பெண்!

அவர் பெயர் இங்கபோர்க், டென்மார்க்கு அரசகுமாரி. 1193-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிலிப்பு அவரை மணந்தார். மறுநாளே வேண்டாம் என்றார். காரணம் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. உறவுமுறை தகாது என்று ஒரு கணக்குக் காட்ட, மன்னருக்கு வேண்டிய ஆயர்கள் கூடித் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். இங்கபோர்க்குக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது. தெரிந்த அரைகுறைச் சொற்களைக் கொண்டு, உரோமாபுரியிடம் முறையிடுவேன் என்று மட்டும் அந்தச் சபையில் சொன்னார். திருமணத்துக்கு மணமக்கள் இருவரின் சம்மதமே உயிர், அப்படிச் சம்மதித்துக் கட்டிய முடிச்சை அரசனே ஆனாலும் தன் விருப்பம்போல் அவிழ்க்க முடியாது என்பது அப்போது திருச்சபை வற்புறுத்தி வந்த சட்டம். ஏழையானாலும் அரசியானாலும் பெண்ணுக்கு இருந்த ஒரே கேடயம் அதுதான். இங்கபோர்க் அதை விடாமல் பற்றிக்கொண்டார். மடத்திலும் கோட்டையிலுமாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காவலில் இருந்தார். 1213-இல் மன்னர் அவரை அரசியாக மீண்டும் ஏற்றுக்கொண்டார். இடையில் மன்னர் வேறொரு பெண்ணை மணந்து, இரண்டு பிள்ளைகளும் பிறந்திருந்தன. சட்டம் இங்கபோர்க்கின் பக்கம் இருந்தும் இருபது ஆண்டுகள் ஆயின என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

இனி, மணமாகி வந்த பெண் புகுந்த வீட்டில் என்ன செய்தாள்? கோட்டை என்றால் ஒரு சிறு ஊர். வீரர், குதிரைக்காரர், சமையற்காரர், தையற்காரர், எழுத்தர், குருவானவர், வழிப்போக்கர், பிச்சைக்காரர் என்று தினம் நூற்றுக்கணக்கானோர் சாப்பிட வேண்டும். கணவன் ஆண்டில் பாதி நாள் போரிலோ அரசவையிலோ இருப்பான். சாவிக்கொத்து மனைவியிடம்தான். இங்கிலாந்தில் லெஸ்டர் பிரபுவின் மனைவி எலினோர் சீமாட்டியாரின் 1265-ஆம் ஆண்டு வீட்டுக் கணக்குச் சுருள் இன்றும் இலண்டனில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. இன்றைக்கு எவ்வளவு ரொட்டி, எவ்வளவு திராட்சரசம், தபசு காலமாகையால் எவ்வளவு மீன், கொட்டிலில் குதிரைகளுக்கு எவ்வளவு தீனி, விருந்தாக வந்தவர் யார் என்று நாள்தோறும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் அம்மாமார் எழுதும் பால் கணக்கு, மளிகைக் கணக்கு போலத்தான். அளவு மட்டும் பெரிது. அவ்வாண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் அவருடைய கணவர் போரில் மாண்டார். அதற்குப் பின்னும் அவர் டோவர் கோட்டையை விட்டுக்கொடுக்காமல் சில மாதம் வைத்திருந்தார். கணக்கு எழுதிய வீட்டிலேயே முற்றுகைக்கும் ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது.

சாவிக்கொத்து என்றதும் என் நினைவுக்கு வருபவர் நம் எல்லாருக்கும் தெரிந்த ஒருவர்: அங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தம்மாள். மடியில் ரோஜாப் பூக்களோடு நிற்கும் அவருடைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏழைகளுக்கு ரொட்டி கொண்டு போனபோது கணவர் மறித்துப் பார்க்க, ரொட்டி ரோஜாவாக மாறியிருந்தது என்பது கதை. இந்தக் கதை அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் இல்லை; பிற்காலத்தில் சேர்ந்தது. (சிஸ்டர்கள் என்மீது கோபம் கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.) பழைய குறிப்புகளில் இருப்பது ரோஜாவைவிட மேலானது என்று எனக்குத் தோன்றுகிறது.

1207-இல் அங்கேரி மன்னர் மகளாகப் பிறந்த எலிசபெத்து நான்காம் வயதில் ஜெர்மனியின் துரிங்கிய நாட்டு அரண்மனைக்கு, வருங்கால மருமகளாக, அனுப்பப்பட்டார். ஆறு வயதாகும்போது அங்கேரியில் அவருடைய தாயார் கொலையுண்டார். அவருக்கென நிச்சயித்த மூத்த பையனும் இறந்துபோனான். இளையவனான லுத்விக்கை மணந்தபோது எலிசபெத்துக்கு வயது பதினான்கு. சாப்பாட்டு மேசையில் மனைவி கணவனுக்கு அருகே உட்காருவது அந்நாளைய வழக்கமல்ல. இவர்கள் இருவரும் அருகருகே அமர்ந்துதான் உண்டார்கள். அந்த மேசையில் எலிசபெத்தம்மாள் ஒரு கேள்வி கேட்பாராம்: இந்த உணவு எங்கிருந்து வந்தது? நம் சொந்த நிலத்தில் விளைந்ததா, அல்லது குடியானவரிடம் அநியாயமாகப் பறித்ததா? பறித்தது என்று தெரிந்தால் தொடமாட்டார். பெரிய விருந்திலே வகைவகையான பதார்த்தம் முன்னால் இருக்க, பசியோடு எழுந்துபோன நாட்களும் உண்டு. இதையெல்லாம் நமக்குச் சொன்னவர்கள் அவருடைய தோழிகளும் பணிப்பெண்களுமான நால்வர். அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்க விசாரணை நடந்தபோது அவர்கள் அளித்த சாட்சியம் எழுதி வைக்கப்பட்டது. பக்கத்திலேயே இருந்தவர்கள் சொன்னதால் அதில் சின்னச் சின்னச் செய்திகள் நிறைய இருக்கின்றன.

1226-இல் துரிங்கியாவில் பெரும் பஞ்சம். லுத்விக்கு பேரரசரின் அழைப்பால் இத்தாலிக்குப் போயிருந்தார். பத்தொன்பது வயது எலிசபெத்து களஞ்சியங்களைத் திறந்துவிட்டார். வார்ட்பர்க்குக் கோட்டை செங்குத்தான மலைமேல் இருக்கிறது. நோயாளிகளால் ஏற முடியாது. அதனால் மலையடிவாரத்தில் இருபத்தெட்டுப் படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றை அமைத்து, நாளும் இறங்கிச் சென்று பணிவிடை செய்தார். புது விளைச்சல் வந்ததும், உடம்பில் வலுவுள்ளவர்களை அழைத்து ஆளுக்கொரு சட்டை, தாளடி குத்தாமலிருக்கக் காலுக்குச் செருப்பு, கையில் ஓர் அரிவாள் கொடுத்து அறுவடைக்கு அனுப்பினார். இந்த அரிவாளை நான் மறக்கவே மாட்டேன். சோறு போடுவது ஒரு வேளைக்கு. அரிவாள் கொடுத்தால் அவன் பிறகு கையேந்த வேண்டியதில்லை. இதை ஒருவரும் படமாக வரையவில்லையே!

லுத்விக்கு திரும்பி வந்ததும் அதிகாரிகள் ஓடிப்போய்க் கோள் சொன்னார்கள். கோட்டைகள் நம் கையில் இருக்கும்வரை அவள் கொடுக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொல்லாதிருந்தால்? அதுதான் அந்நாளைய பெண்ணின் நிலைமை. சாவி அவள் கையில் இருந்தது. ஆனால் கணவனின் மனத்தைப் பொறுத்தே இருந்தது. அடுத்த ஆண்டே அது தெரிந்துவிட்டது. 1227 செப்டம்பரில் சிலுவைப் போருக்குக் கப்பலேறச் சென்ற லுத்விக்கு காய்ச்சலில் இறந்தார். மூன்றாம் குழந்தை அவர் இறந்த பின்னரே பிறந்தது. ஆட்சியைக் கைப்பற்றிய கொழுந்தனார், அண்ணியாருக்குச் சேர வேண்டிய சொத்தைக் கொடுக்கவில்லை. குளிர்காலத்தில் எலிசபெத்து கோட்டையிலிருந்து இறங்கினார். துரத்தப்பட்டாரா, தாமே வெளியேறினாரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். முதல் இரவைப் பன்றிகள் கிடந்த ஒரு கொட்டகையில் கழித்தார். நள்ளிரவில் பிரான்சிஸ்கு சபைத் துறவியரின் கோயிலுக்குப் போய், 'தே தேயும்' என்ற நன்றிப் பாடலைப் பாடச் சொன்னார்.

பிறகு உறவினர் தலையிட்டு அவருக்கு இரண்டாயிரம் மார்க்கு பணம் வாங்கித் தந்தார்கள். வேறொருவரை மணக்கும்படி வற்புறுத்தவும் செய்தார்கள், அவர் இசையவில்லை. பணத்தைக் கொண்டு மார்பர்க்கு நகரில் மருத்துவமனை கட்டி, அங்கேயே நோயாளிகளைக் குளிப்பாட்டி, புண்களைக் கழுவி வாழ்ந்து, 1231 நவம்பர் 17-இல் இறந்தார். வயது இருபத்து நான்கு. நான்கு ஆண்டுகளில் புனிதராக உயர்த்தப்பட்டார். அவருடைய மகள்களில் ஒருத்தி குழந்தையிலேயே மடத்தில் சேர்க்கப்பட்டு மடத்தலைவியானார். மூத்தவள் சோபியா தன் மகனுக்காகப் பல ஆண்டுகள் போராடி ஹெஸ்ஸே நாட்டைப் பெற்றுத் தந்தார். தாயின் சாந்தம் ஒருத்திக்கு, வீறு ஒருத்திக்கு என்று சொல்லத் தோன்றுகிறது; ஆனால் கொழுந்தனார் முன்னால் நின்ற தாய்க்கும் வீறு குறைவில்லையே!

பன்னிரண்டு வயதில் மணமுடித்து வந்த பிளாஞ்சை நடுவழியில் விட்டுவிட்டோம். 1226-இல், அதே பஞ்ச ஆண்டில், அவருடைய கணவர் எட்டாம் லூயி இறந்தார். மூத்த மகன் ஒன்பதாம் லூயிக்குப் பன்னிரண்டு வயது. ஸ்பெயின்காரி, பெண்பிள்ளை, இவள் நம்மை ஆளுவதா என்று பிரபுக்கள் கிளம்பினார்கள். பிளாஞ்சு அரசி படையோடு புறப்பட்டார். பெல்லேம் கோட்டையை முற்றுகையிட்டபோது கடுங்குளிர். மரங்களை வெட்டிப் பெரிய தீ மூட்டச் சொல்லி வீரரையும் குதிரைகளையும் காப்பாற்றினார் என்பர். அடுப்பைப் பற்றி அறிந்தவருக்கு அந்த யோசனை வந்ததில் வியப்பில்லை. வயதான பிறகு, மகன் சிலுவைப் போருக்குப் போயிருந்த காலத்தில், வரி கொடுக்காத குடியானவர்களைப் பாரிஸ் பேராலயத்துச் சபையார் சிறையில் அடைத்து, இடநெருக்கடியில் சிலர் இறந்தும் போனார்கள். அரசி சொல்லியும் விடுவிக்கவில்லை. பிளாஞ்சு ஆட்களோடு நேரில் சென்று, சிறைக் கதவின்மேல் முதல் அடியைத் தம் கைத்தடியால் தாமே அடித்தார்.

இப்படிப்பட்டவர் மாமியாராக எப்படி இருந்திருப்பார்? மகன்தான் பின்னாளில் புனித லூயி. அவருக்கு 1234-இல் பதின்மூன்று வயது மார்கரீத்தை மணமுடித்தார்கள். பகலில் மகனும் மருமகளும் பேசிக்கொண்டிருப்பது பிளாஞ்சுக்குப் பிடிக்காது. புனித லூயியின் நண்பர் ஜுவான்வீல் எழுதிய வரலாற்றில் இது இருக்கிறது. போன்துவாஸ் அரண்மனையில் அரசர் அறை மேலே, அரசி அறை கீழே, நடுவில் சுழற்படிக்கட்டு. இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். மாமியார் வருவதைக் கண்டால் காவற்காரர் கதவைக் கோலால் தட்டுவார்; உடனே இவர் மேலே, அவர் கீழே ஓட்டம்! உலகம் முழுவதும் மாமியார் மருமகள் கதை ஒன்றுதான் போலும்.

ஆனால் மார்கரீத்தை அழும் மருமகளாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். 1249-இல் கணவருடன் எகிப்துக்குச் சென்றார். டமியட்டா நகரம் கைவசமானது. மறு ஆண்டு மன்னர் எதிரிகளிடம் சிறைப்பட்டார். செய்தி வந்தபோது மார்கரீத்து நிறைமாதக் கர்ப்பிணி. எண்பது வயதான வீரர் ஒருவர் அவருடைய கட்டிலருகே கையைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் காவல் இருந்தார். எதிரிகள் நகரைப் பிடித்தால் என் தலையை வெட்டிவிட வேண்டும் என்று அவரிடம் மார்கரீத்து சத்தியம் கேட்டார். தாமும் முன்பே அப்படித்தான் எண்ணியிருந்ததாகக் கிழவர் சொன்னார். மூன்றாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது. துயரத்தில் பிறந்ததால் திரிஸ்தான் என்று பெயரிட்டார்கள். அன்றைய தினமே இன்னொரு செய்தி: உணவில்லை, நகரை விட்டுப் போகிறோம் என்கிறார்கள் ஜெனோவா, பீசா நகரத்துக் கப்பற்காரர்கள். டமியட்டா போய்விட்டால் மன்னரை மீட்கக் கொடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பிரசவப் படுக்கையில் இருந்தபடியே அவர்களை மறுநாள் வரவழைத்து, கெஞ்சி, பிறகு நகரத்திலுள்ள உணவுப் பொருள் அனைத்தையும் தம் பணத்தில் வாங்கி எல்லாருக்கும் சோறு போடுவதாக ஒப்புக்கொண்டு நிறுத்திவைத்தார். அந்தச் செலவு மூன்று லட்சத்து அறுபதினாயிரம் பவுன் என்று ஜுவான்வீல் எழுதுகிறார். நகரத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னரை மீட்டார்கள். சிலுவைப் போர்களைப் பற்றிப் படிக்கும்போது தேதிகளையும் தளபதிகளையும் மனப்பாடம் செய்கிறோம். இந்தப் பிரசவ அறையை யாரும் கேள்வித்தாளில் கேட்பதில்லை.

விதவைகளைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் விட முடியாது. பெரிய இடத்து விதவையிடம் நிலம் இருக்கும். அந்த நிலத்துக்காகவே மன்னர்கள் அவளைத் தமக்கு வேண்டியவனுக்குக் கட்டிவைப்பார்கள். ஆகவே 'எனக்குத் திருமணம் வேண்டாம்' என்பதற்கு இங்கிலாந்தில் விலை இருந்தது! ஓமால் சீமாட்டி ஹாவிசை மூன்று முறை மணமுடித்தார்கள். இரண்டாம் மணத்துக்கு அவர் இசையாதபோது அவருடைய பொருள்களைப் பறிமுதல் செய்து பணியவைத்தார்கள். மூன்றாம் கணவர் 1212-இல் இறந்ததும், தம் சொத்தைத் தாமே வைத்துக்கொள்ளவும், கட்டாய மணத்திலிருந்து தப்பவும், அவர் ஜான் மன்னருக்கு ஐயாயிரம் மார்க்கு தர ஒப்புக்கொண்டார். மூன்றே ஆண்டில், 1215-இல், அந்த ஜானிடமிருந்து பிரபுக்கள் மகாசாசனத்தைப் பெற்றார்கள். அதை நம் பாடப்புத்தகத்தில் மக்கள் உரிமைகளின் தொடக்கம் என்று படிக்கிறோம். அதன் ஏழாம் எட்டாம் விதிகள் விதவைகளைப் பற்றியவை: கணவன் இறந்ததும் அவளுக்குரிய பங்கைத் தடையின்றிக் கொடுக்க வேண்டும், நாற்பது நாள் கணவன் வீட்டில் இருக்கலாம், தனித்து வாழ விரும்பும் விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஹாவிசு சீமாட்டி அதைக் காணவில்லை, 1214-இலேயே இறந்துவிட்டார்.

படிப்பு? எழுதப் படிக்கத் தெரிந்த சீமாட்டிகள் பலர் இருந்தார்கள். கன்னியர் மடங்களே பெரும்பாலும் பெண்களின் பள்ளிக்கூடங்கள். ஆனால் பல்கலைக்கழகக் கதவு அடைத்தே இருந்தது. பிரான்சில் கிறிஸ்தீன் தெ பிசான் என்பவர் பதினைந்து வயதில் மணமாகி, இருபத்தைந்தில் மூன்று குழந்தைகளோடு விதவையாகி, நூல்கள் எழுதியே குடும்பத்தைக் காப்பாற்றினார். 1405-ஆம் ஆண்டளவில் சீமாட்டிகளுக்காக அவர் எழுதிய அறிவுரை நூல், நாம் எதிர்பார்ப்பதுபோல் பூவேலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. நிலச் சட்டம் தெரிந்திரு, வரவு செலவை நீயே பார், கணவன் இல்லாதபோது பகைவன் வந்தால் ஆட்களை எப்படி நிறுத்துவது என்று தெரிந்து வைத்திரு என்கிறார்.

கடைசியாக யத்விகா. அங்கேரிக்கும் போலந்துக்கும் மன்னராக இருந்த லூயியின் இளைய மகள். நான்கைந்து வயதிலேயே ஆஸ்திரியக் கோமகன் வில்லியத்துக்கு அவரை நிச்சயம் செய்துவிட்டார்கள். தந்தை இறந்த பின் போலந்துப் பிரபுக்கள் அவரை வரவழைத்து, 1384 அக்டோபர் 16-இல் கிராக்கோ நகரில் முடிசூட்டினார்கள். அரசி என்றல்ல, 'அரசர்' என்றே முடிசூட்டினார்கள். வயது பத்தோ பதினொன்றோ. அரசரென்று பெயரிட்டவர்கள் அவர் விருப்பத்தைக் கேட்கவில்லை. ஆஸ்திரிய மாப்பிள்ளை வேண்டாம். லித்துவேனியாவின் யோகைலாவை மணந்தால் இரண்டு நாடும் சேரும், அந்த நாடு மெய்மறையில் சேரும் என்று முடிவு செய்தார்கள். வில்லியம் கிராக்கோவுக்கே வந்துவிட்டார். அவரைக் காண விடாமல் கோட்டை வாயிலை அடைத்தார்கள். யத்விகா கோடரி கொண்டுவரச் சொல்லிக் கதவை வெட்டப் போனார் என்றும், ஒரு முதிய அதிகாரி மன்றாடித் தடுத்தார் என்றும் பிற்கால வரலாற்றாசிரியர் யான் டுவுகோஷ் எழுதியிருக்கிறார். பிளாஞ்சின் கதவு திறந்தது; பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கதவு திறக்கவில்லை. 1386 பிப்ரவரியில், மூன்று நாள் முன்னர் ஞானஸ்நானம் பெற்றிருந்த யோகைலாவை அவர் மணந்தார். அவருக்கும் இவருக்கும் வயதில் பெரிய இடைவெளி.

பிறகு அவர் உண்மையிலேயே ஆண்டார். போர்ப்படை நடத்தினார், உடன்படிக்கைகள் பேசினார், மருத்துவமனைகளுக்கு உதவினார், பாழடைந்துபோன கிராக்கோ பல்கலைக்கழகத்தை மீண்டும் எழுப்ப முயன்றார். இறையியல் கற்பிக்கப் பாப்பரசரின் அனுமதியை 1397-இல் பெற்றார். 1399-இல் மகள் பிறந்து மூன்றே வாரத்தில் இறந்தாள். யத்விகாவும் ஜூலை 17-இல் இறந்தார். இருபத்தைந்து வயதுதான். தம் நகைகளையும் பட்டாடைகளையும் பல்கலைக்கழகத்துக்கென்று எழுதி வைத்திருந்தார். மறு ஆண்டு, 1400-இல், அது மீண்டும் திறந்தது. பெண்களுக்கு அங்கே இடமில்லை. பிற்காலத்தில் கோப்பர்நிக்கஸ் படித்தது அங்கேதான். 1997-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அதே கிராக்கோவில், யத்விகாவைப் புனிதராக அறிவித்தார்.

அவருடைய கல்லறையைப் பின்னாளில் திறந்து பார்த்தார்கள். அரசரென்று முடிசூட்டப்பட்டவரின் பக்கத்தில் இருந்த செங்கோல் மரத்தால் ஆனது. உருண்டை தோலால் ஆனது. மேலே பொன்முலாம் மட்டும் பூசியிருந்தது.